துளி உடையும் இடம்

திண்டுக்கல் சமவெளியில் கறவை மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு, மாடு கன்று ஈனும் வேளையில் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: கிடேரியா, காளையா? கிடேரி என்றால் இரண்டரை, மூன்று ஆண்டில் அதுவே கறவைக்கு வந்துவிடும். கலப்பினக் காளைக் கன்று என்றால், உழவை டிராக்டர் எடுத்துக்கொண்ட இந்தக் காலத்தில், தீவனம் போட்டுக் கட்டுப்படியாகாமல் சீக்கிரமே சந்தைக்குப் போய்விடும். நத்தம் பக்கம் ஜல்லிக்கட்டுக்கு நாட்டு மாடு வளர்ப்பவர் மட்டும் இதையே மாற்றி வேண்டிக்கொள்வார். இயற்கை இருவருக்கும் பாதிக்குப் பாதிதான் வாய்ப்புத் தந்திருக்கிறது.

அந்தப் பாதியைப் பத்துக்கு ஒன்பதாக மாற்றும் வேலை இப்போது தமிழ்நாட்டிலேயே நடக்கிறது. உதகமண்டலத்தில் உள்ள மாவட்டக் கால்நடைப் பண்ணையில், ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் திட்டத்தின்கீழ், பாலினம் பிரித்த உறைவிந்து தயாரிக்கும் நிலையம் அமைந்திருக்கிறது. குஜராத், மத்தியப் பிரதேசம், உத்தராகண்ட், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு என ஐந்து மாநிலங்களின் அரசு விந்து நிலையங்கள் இந்த வசதியைப் பெற்றிருக்கின்றன. இதே பிரிப்புக்காகத் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் 'கவ்சார்ட்' என்ற பெயரில் உருவாக்கிய உள்நாட்டுத் தொழில்நுட்பம் 2024 அக்டோபர் 5 அன்று மகாராஷ்டிரத்தின் வாசிமில் வெளியிடப்பட்டது. மனிதர்களிடம் இப்படித் தேர்ந்தெடுப்பதை நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பெண் குழந்தை வேண்டாம் என்ற கொடுமையைக் கண்ட நம் தென் மாவட்டங்களில் அந்தச் சட்டத்தின் தேவையை எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கறவை மாட்டுத் தொழுவத்தில் மட்டும் எப்போதும் பெண்ணுக்குத்தான் வரவேற்பு.

இந்த விந்தணுப் பிரிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் லேசரைச் சொல்வார்கள், சாயத்தைச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு, அது நடக்கும் அறையின் அசையாத நிலை. அறையின் வெப்பம், காற்றின் ஈரம், குழாயின் அழுத்தம், தரையின் அதிர்வு ஆகியவற்றில் எது கொஞ்சம் நகர்ந்தாலும் எந்திரத்தின் சாமர்த்தியம் அத்தனையும் வீண். ஏன் என்று புரிய வேண்டுமானால் ஒரு துளி எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

காளையின் விந்தணுக்களில் பாதி எக்ஸ் குரோமோசோமைச் சுமக்கின்றன, பாதி ஒய் குரோமோசோமை. எக்ஸ் பெரியது, ஒய் சிறியது. அதனால் பெண் கன்றைத் தரும் விந்தணுவில் டி.என்.ஏ. ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதல். நம்பிப் பிடித்துக்கொள்ள இருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். ஹெக்ஸ்ட் 33342 என்ற சாயம் உயிருள்ள அணுவுக்குள் புகுந்து டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும். புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும். டி.என்.ஏ. கூடுதலாக இருந்தால் ஒளியும் அந்த 4 சதவீதம் கூடுதல். ஆனால் விந்தணுவின் தலை தட்டையானது. விளிம்பு தெரியும்படி வந்தால் ஒரு வெளிச்சம், முகம் தெரியும்படி வந்தால் வேறொரு வெளிச்சம். அந்த வேறுபாடு 4 சதவீதத்தை எளிதில் விழுங்கிவிடும். எனவே ஒவ்வொரு அணுவையும் லேசருக்கு முகம் காட்டித் திரும்பச் செய்யும்படி, எந்திரத்தில் கரைசல் வெளியேறும் முனையின் உட்புறத்தையே தனியாக வடிவமைத்திருக்கிறார்கள். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் லாரன்ஸ் ஜான்சன் குழு 1989-இல் முயலில் இந்தப் பிரிப்பைச் செய்து காட்டியது. எக்ஸ் என்று பிரித்த விந்தணுக்களிலிருந்து பிறந்த குட்டிகளில் 94 சதவீதம் பெண்.

அணுவை அடையாளம் கண்டாயிற்று. அதைத் தனியே எடுப்பது எப்படி? கையால் தொட முடியாது, வடிகட்ட முடியாது. இதற்கான விடை அச்சு எந்திரத்திலிருந்து வந்தது. ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் என்பவர் மைத்துளிகளுக்கு மின்னூட்டம் கொடுத்து, அவற்றை வேண்டிய பக்கம் வளைத்து எழுதும் கருவியை அமைத்தார். லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த மேக் ஃபுல்வைலர், அந்த மைத்துளியில் மைக்குப் பதில் உயிரணு இருந்தால் என்ன என்று யோசித்தார். 1965-இல் மனித ரத்தச் சிவப்பணுக்களையும் எலியின் சிவப்பணுக்களையும் கலந்து, பிரித்தும் காட்டினார். பின்னர் ஸ்டான்ஃபோர்டிலேயே லெனார்ட் ஹெர்சன்பெர்க் ஒளிரும் சாயத்தையும் லேசரையும் இதோடு இணைத்தார். இன்று எய்ட்ஸ், ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிகளில் உழைக்கும் எந்திரங்களும் ஊட்டியில் காளை விந்தைப் பிரிக்கும் எந்திரமும் இந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

எந்திரத்துக்குள் நடப்பது இது. விந்தணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, உப்புக்கரைசல் சூழ, தலைமுடி அளவு மெல்லிய தாரையாக முனையிலிருந்து பாய்கின்றன. 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அந்தத் தாரையின் வேகம் நொடிக்கு 23 மீட்டருக்கும் மேல், மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் அதிகம். முனையோடு ஒட்டிய படிகம் ஒன்று நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரும். அந்த அதிர்வுக்குக் கட்டுப்பட்டு, தாரை ஒரே சீராகத் துளிகளாக உடையும். லேசரைத் தாண்டிய அணு, துளி உடையும் இடத்துக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று எந்திரம் கணக்கு வைத்திருக்கிறது. சரியாக அந்தக் கணத்தில் தாரை முழுவதற்கும் மின்னூட்டம் கொடுக்கும். உடைந்து பிரியும் துளி அந்த மின்னூட்டத்தைத் தன்னோடு கொண்டுபோய்விடும். சில ஆயிரம் வோல்ட் தாங்கிய இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே விழும்போது நேர் மின்னூட்டத் துளி ஒரு குழாய்க்கும் எதிர் மின்னூட்டத் துளி இன்னொரு குழாய்க்கும் வளைந்து செல்லும். சந்தேகத்துக்கு இடமானவை நேரே கீழே விழுந்து கழிவாகும்.

இப்போது அளவைப் பாருங்கள். நொடிக்கு 65 ஆயிரம் துளி என்று வைத்துக்கொண்டால், அடுத்தடுத்த இரண்டு துளிகளுக்கு இடையே உள்ள தூரம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். துளி உடையும் இடம் அந்த அளவு மேலே ஏறினாலோ கீழே இறங்கினாலோ மின்னூட்டம் பக்கத்துத் துளிக்குப் போய்விடும். எந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், குழாய் நிறைந்துகொண்டே இருக்கும். நிறைவது மட்டும் நாம் கேட்டதாக இருக்காது.

அந்த இடத்தை நகர்த்துவதில் முதல் ஆள் வெப்பம். தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் அதன் பிசுப்பு ஏறத்தாழ 2 சதவீதம் குறையும், பரப்பு இழுவிசையும் சற்றே தளரும். காலையில் குளிர்ந்திருந்த அறை மதியத்துக்குள் மூன்று நான்கு டிகிரி ஏறினால், காலையில் போட்ட கணக்கு மதியத்துக்குப் பொருந்தாது. லேசர்களும் மின்சுற்றுகளும் தாமே வெப்பம் கக்குபவை. ஒளிக்கதிரைத் தாங்கும் உலோகச் சட்டங்கள் சூட்டில் இம்மியளவு விரிந்தாலும் கதிர் தாரையின் நடுவை விட்டு விலகும். 4 சதவீத வித்தியாசத்தைத் தேடும் கண்ணுக்கு அந்த விலகலே பெரிய மறைப்பு. கரைசல் சூடாகும்போது அதில் கரைந்திருந்த காற்று சிறு குமிழாக வெளிவந்து முனையில் ஒட்டிக்கொள்ளும், தாரை கோணலாகும். இதனால்தான் இத்தகைய அறைகளுக்குத் தனிக் குளிரூட்டி, தடையில்லா மின்சாரம், குளிர்காற்று நேரே எந்திரத்தின்மேல் படாத ஏற்பாடு எல்லாம் வேண்டியிருக்கிறது. புதிய எந்திரங்களில் ஒரு கேமரா துளிகளை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். துளி உடையும் இடம் நகர்ந்தால் எந்திரம் அதிர்வின் வலிமையைத் திருத்தும். திருத்த முடியாத அளவு போய்விட்டால் குழாயின் வாயை மூடிப் பிரிப்பையே நிறுத்திவிடும்.

ஈரத்தின் கதையை வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் வேலை பார்த்தவருக்கு விளக்கவே தேவையில்லை. காற்று காய்ந்துபோனால் பஞ்சில் நிலைமின்சாரம் ஏறி இழை சிலும்பும், அறுந்து அறுந்து விழும். அதற்காகத்தான் ஆலைக்குள் ஈரக்காற்றை அளந்து விடுகிறார்கள். துளிப் பிரிப்பு முழுக்க மின்னூட்டத்தை நம்பிய வேலை. அங்கேயும் காற்று அதிகம் காயக் கூடாது. ஈரம் மிஞ்சினால் கேடு வேறு வகை: குளிர்வித்த பகுதிகளில் நீர் படியும், தெறித்த உப்புக்கரைசலால் நனைந்த தகடுகளுக்கிடையே தீப்பொறி பாயும்.

இதெல்லாம் எந்திரத்தின் பாடு. அணுவின் பாடு தனி. சாயம் உள்ளே போக விந்தணுக்கள் 34, 35 டிகிரியில் முக்கால் மணி நேரம் இருந்தாக வேண்டும். பிரிந்து குழாயில் விழுந்ததும் குளிர வேண்டும், ஆனால் சட்டென்று குளிரக் கூடாது. விந்தணுவின் சவ்வில் உள்ள கொழுப்பு திடீர்க் குளிரில் இறுகி, சவ்வு சேதமாகிவிடும். அதனால் அதை முட்டை மஞ்சள் கரு சேர்த்த கரைசலில் பிடித்து, ஒன்றரை மணி நேரம்போல எடுத்துக்கொண்டு 5 டிகிரிக்கு மெல்ல இறக்குகிறார்கள். அழுத்தத்திலும் இதே கவனிப்புத்தான். 50 பி.எஸ்.ஐ.யிலிருந்து 40-க்குக் குறைத்தபோது உயிரோடு நீந்தும் விந்தணுக்கள் கூடின என்று கொலராடோ ஆய்வாளர்கள் 2005 வாக்கில் கண்டறிந்தார்கள். வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உயிரைக் காப்பாற்றிய அந்த முடிவு இத்துறையின் முக்கியமான திருப்பம் என்பது என் எண்ணம்.

விந்தை அடைத்து உறையவைக்கும் சாதாரணக் குச்சி ஒன்றில் 2 கோடி விந்தணுக்கள் இருக்கும். பிரித்த குச்சியில் பெரும்பாலும் 20 லட்சம்தான். நொடிக்கு 5 ஆயிரம் வீதம் சேர்ந்தாலும் ஒரு குச்சிக்கு ஏழு நிமிடம் ஆகும். ஒரு காளையின் ஒரு நாள் விந்தைப் பிரிக்க எந்திரம் மணிக்கணக்கில் ஓட வேண்டும். அந்த மணிகள் முழுவதும் துளி உடையும் இடம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட நகராமல் இருக்க வேண்டும்.

காளை நிற்கும் இடமும் இந்தச் சூழல் காப்பில் ஒரு பகுதிதான். விந்தணு உருவாக, விரையின் வெப்பம் உடல் வெப்பத்தைவிட நான்கைந்து டிகிரி குறைவாக இருக்க வேண்டும். காளையில் ஒரு விந்தணு முழுதாக உருவாக ஏறத்தாழ 61 நாள். மே மாதத்து வெயிலில் காளை பட்ட பாடு ஜூலையில் எடுக்கும் விந்தில் தெரியும். திண்டுக்கல்லில் 40 டிகிரியை ஒட்டி வெயில் காயும் நாட்களிலும் ஊட்டியில் பகல் வெப்பம் 25-ஐத் தாண்டுவது அரிது. ஜெர்சி, ஃப்ரீசியன் போன்ற குளிர் நாட்டுக் காளைகளை அங்கே வைத்து வளர்ப்பது இதனால்தான்.

மலையிலிருந்து குச்சி சமவெளிக்கு இறங்கும்போது அது மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜன் கொள்கலனுக்குள் இருக்கும். அதற்குப்பிறகு ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு, சினை ஊசி போட வரும் கால்நடை மருத்துவர் கைக்கோ கால்நடை ஆய்வாளர் கைக்கோ மாறுகிறது. வேறு குச்சியைத் தேடும்போது இது கொள்கலனின் கழுத்துக்கு மேல் சில நொடி கூடுதலாக நின்றுவிட்டால், உள்ளே பனிப்படிகம் மீண்டும் வளர்ந்து சவ்வைக் கிழிக்கும். எடுத்த குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 நொடி போட்டு உருக்க வேண்டும். கைக்குப் பட்ட சூடு போதாது, வெப்பமானி வேண்டும். உருக்கியதை வெயிலில் காட்டக் கூடாது, வைத்திருந்து போடவும் கூடாது. 2 கோடி உள்ள குச்சியில் பாதி போனாலும் ஒரு கோடி மிஞ்சும். 20 லட்சத்தில் அப்படி இழக்க முடியாது. ஊட்டியில் கோடிக்கணக்கான ரூபாய்ச் செலவில் காத்த வெப்பநிலையைத் தொழுவத்து வாசலில் காப்பது ஒரு குவளை வெந்நீரும் ஒரு வெப்பமானியும்தான். இத்தனை பெரிய திட்டத்தில் மிக மலிவான இந்த இரண்டு பொருள்களும் எல்லா மருந்தகப் பைகளிலும் இருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று சொல்வேன்.

மாட்டின் உடலும் ஒரு சூழல். பால் கறக்கும் பசு, பால் சுரப்பதற்காகவே உடலுக்குள் நிறைய வெப்பத்தை உண்டாக்குகிறது. கோடையில் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கினால், கரு உண்டான முதல் சில நாட்களிலேயே அழிந்துவிடும் வாய்ப்பு கூடும். இன்னும் கறவைக்கு வராத கிடேரிக்கு அந்தச் சுமை இல்லை, சினை பிடிக்கும் திறனும் அதற்குக் கூடுதல். பாலினம் பிரித்த உறைவிந்தை முதலில் கிடேரிகளுக்குப் போடச் சொல்வது இதனால்தான். திண்டுக்கல் வெயிலில் அதைப் போட, நிழலும் குடிதண்ணீரும் தாராளமாகக் கொடுத்து, சினைப்பருவ அறிகுறியைச் சரியாகக் கவனித்து, காலையின் குளிர்ந்த நேரத்தையோ வெயில் தாழ்ந்த மாலையையோ தேர்ந்துகொள்வது நல்லது.