குளிர்காலக் குதிரைப் பயிற்சி

கல்வியின் பொருட்டு இல்லம் பிரிந்துறைதல் மாணவர்க்கு இயல்பு. குதிரையேற்றம் பயிலும் இளைஞர்க்கும் அஃது உண்டென்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

அமெரிக்க நாட்டின் வடபகுதிகளில் குளிர்காலத்தே பனி மூடி நிலம் கல்லென இறுகும். அத்தகைய நிலத்தில் ஓடவும் தாண்டவும் செய்யின் குதிரையின் குளம்பும் காலும் ஊறுபடும். கூரையிட்ட பயிற்சிக்கூடமோ எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆதலின் இளைஞரும் நங்கையரும் பலர், தம் குதிரைகளை வண்டியிலேற்றித் தெற்கே புளோரிடா மாநிலத்து வெல்லிங்டன் என்னும் ஊரை அடைகின்றனர். நியூயார்க்கினின்றும் அவ்வூர் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவினது. ஆண்டுதோறும் ஜனவரி முதல் மார்ச்சு வரை அங்கே தடைதாண்டற் போட்டிகள் வாரந்தோறும் நிகழும். பள்ளிப் பாடங்களையும் அவர்கள் இடையிடையே படித்தல் வேண்டும்.

இப்பயிற்சிக்குப் பெரும்பொருள் வேண்டும். அஃதில்லாதார் சிலர் ஆசிரியரின் லாயத்தில் ஊழியஞ்செய்து, அதற்கீடாகப் பாடங் கேட்பர். விடியுமுன் எழுந்து இலத்தி வாருதலும், தீனியிடுதலும், உடல் தேய்த்தலும், குளம்பிற் சிக்கிய கல்லை அகற்றலும், சேணந் துடைத்தலும் அவர்தம் கடன். ஏறிச் செலுத்தும் பொழுது சிறிது. ஏவல் செய்யும் பொழுதே பெரிது.

அன்னையை நினைந்து உறக்கமின்றிக் கழியும் இரவும் உண்டன்றோ? ஆயினும் வைகறையிற் குதிரை பசித்து நிற்கும். வாயில்லா அவ்வுயிரின் பசியை நோக்கித் தம் துயரை ஒதுக்கி எழுதலே அவர் கற்கும் முதற்பாடம். பரிசு பெறுவார் சிலரே. இப்பாடத்தையோ ஊக்கமுடையார் யாவரும் பெற்று மீள்வர் என்பது எம் கருத்து.