விளையாட்டைத் திறந்து பார்ப்போம்

பாகூர் கொம்யூனில் ஏழாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். கணினி அறையில் மாணவர்கள் விரும்பி ஆடுவது ‘டக்ஸ் மேத்’. கணக்குகளைச் சுமந்த வால்நட்சத்திரங்கள் மேலிருந்து விழும். சரியான விடையைத் தட்டச்சு செய்தால் வெடித்துவிடும். தாமதித்தால் பெங்குவின்களின் பனிக்குடிலுக்குச் சேதம்.

இது குனு பொது உரிமத்தில் வெளியான கட்டற்ற மென்பொருள். மூல நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் தரலாம்; மாற்றித் தரும்போது அதே உரிமையையும் சேர்த்துத் தர வேண்டும். கைப்பேசி விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் இந்தக் கதவே கிடையாது.

நிரல் சி மொழியில் இருக்கிறது. குழந்தைகளை அங்கிருந்து தொடங்க வைக்க வேண்டாம். விளையாட்டின் கோப்புறையில் ‘மிஷன்ஸ்’ என்பதற்குள் பாடக் கோப்புகள் உள்ளன. எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். கூட்டலா பெருக்கலா, எண்கள் எதிலிருந்து எதுவரை, விழும் வேகம் என்ன என்பவை வரிக்கு வரி சமக்குறியும் எண்ணுமாக இருக்கும். முதலில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஓர் எண்ணை மட்டும் மாற்றிச் சேமித்து ஆடச் சொல்லுங்கள். ‘மாறி’ என்றால் என்ன என்பதற்குக் கரும்பலகையில் நான் தந்த எந்த விளக்கமும் இவ்வளவு சீக்கிரம் பிடிபட்டதில்லை. பையன்கள் வேகத்தைத்தான் முதலில் கூட்டுவார்கள்; கூட்டட்டும். எட்டாம் வாய்ப்பாட்டில் தடுமாறிய மாணவிக்கு, அதை மட்டும் கேட்கும் பாடத்தை அவள் தோழியே எழுதித் தந்தாள்.

அதன்பின் ஆர்வமுள்ளவர்கள் சி கோப்புகளைத் திறக்கலாம். வால்நட்சத்திரத்தைக் கீழே இறக்கும் வரிகளைத் தேடுவதே நல்ல பயிற்சி.

இணையம் இல்லாத பள்ளிக்குப் பென் டிரைவ் போதும். நகலெடுக்க உரிமமே அனுமதிக்கிறது. வில்லியனூர் ஆசிரியர் ஒருவர் என்னிடமிருந்து அப்படித்தான் வாங்கிச் சென்றார்.