மாரடைப்பை அறிதலும் வருமுன் காத்தலும்

மனித உடலின் உறுப்புக்களுள் ஓய்வென்பதை அறியாது உழைப்பது இருதயம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறையாக, ஒருநாளில் 100,000 முறையளவிற் சுருங்கி விரிந்து அது குருதியை உடலெங்கும் செலுத்துகின்றது. பிறவுறுப்புக்களுக்குக் குருதியை வழங்கும் இருதயத்தின் தசைக்கும் குருதி வேண்டும். தன் அறைகளில் நிறைந்திருக்கும் குருதி அத்தசைக்குப் போதிய உணவாவதில்லை. பெருநாடியின் அடியிற் பிரிந்து, முடிபோல இருதயத்தைச் சூழ்ந்து செல்லும் முடியுருநாடிகள் வாயிலாகவே ஒட்சிசனும் உணவும் அதற்குக் கிடைக்கின்றன. சில மில்லிமீற்றர் அகலமே உடைய இந்நாடிகளுள் ஒன்று அடைபடுதலே மாரடைப்பு எனப்படும்.

அடைப்பிற்கான காரணம் ஒருநாளில் உண்டாவதன்று. கொலஸ்திரோல் முதலிய கொழுப்புப் பொருள்கள் நாடியின் உட்சுவரிற் சிறிது சிறிதாகப் படிந்து, பல ஆண்டுகளில் அதன் வழியை ஒடுக்குகின்றன. ஒடுங்கிய நாடி, உடல் ஓய்ந்திருக்கையிற் போதிய குருதியைக் கொடுப்பினும், உழைப்பு மிகும்போது கொடுக்க மாட்டாது. அப்போது நெஞ்சில் வலி தோன்றும். 1768ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் கல்லூரியில் வில்லியம் ஹெபர்டன் என்பார் இவ்வலியைத் தெளிவுற விளக்கினார். நடக்கும்போது, சிறப்பாக மேட்டில் ஏறும்போதும் உண்டபின் நடக்கும்போதும், தோன்றி, நின்றவுடன் மறைவது அதன் இயல்பென அவர் கண்டார். இவ்வலி ஓர் எச்சரிக்கையாகும். படிந்த கொழுப்பின் மேற்பரப்பு வெடிக்குமாயின், அவ்விடத்தே குருதி உறைந்து வழியை அடைத்துவிடும். அதன்பின் ஓய்ந்திருப்பினும் வலி தணியாது.

மாரடைப்பின் வலி பெரும்பாலும் நடுநெஞ்சிற் பாரம் வைத்து அழுத்துவது போன்றிருக்கும். அது இடத்தோள், கை, கழுத்து, தாடை, முதுகு என்பவற்றுக்குப் பரவுதலும் உண்டு. குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், மயக்கம் என்பன உடன்தோன்றலாம். ஆயின், எல்லார்க்கும் வலி தோன்றும் எனக் கருதுதல் தவறு. பெண்களிடத்தும், முதியோரிடத்தும், நீரிழிவுள்ளோரிடத்தும் நெஞ்சுவலி சிறிதுமின்றிக் களைப்பும் மூச்சுத்திணறலுமே அறிகுறிகளாதல் கூடும்.

இங்கேதான் பேரிழப்புக்கு வழிவகுக்கும் பிழையொன்று நிகழ்கின்றது. நெஞ்சில் நோவு கண்டவர் அதனை வாய்வென எண்ணி, இஞ்சியோ ஓமமோ அவித்துக் குடித்துவிட்டு, விடிந்தபின் வைத்தியரிடம் போகலாம் எனப் படுத்துவிடுகின்றனர். நள்ளிரவில் அயலாரை எழுப்புதற்குக் கூசுவோரும் உளர். குருதி முற்றாக நின்றபின் அரைமணி நேரமளவில் இருதயத்தசை மடியத் தொடங்குகின்றது; சில மணி நேரத்துள் அதன் பெரும்பகுதி மீளாது அழிந்துவிடும். மடிந்த தசை மீண்டும் வளர்வதில்லை. உறைகட்டியைக் கரைக்கும் மருந்தாயினும், நாடியை விரித்துத் திறக்கும் சிகிச்சையாயினும், முந்திச் செய்யுமளவுக்கே பயன்தரும். ஆதலின், ஐயம் உண்டாயவுடன் ஆசுபத்திரிக்குச் செல்லுதலே அறிவுடைமை. வாய்வென்று தெரியவருமாயின் இழந்தது ஓரிரவின் உறக்கமேயாம்.

இலங்கையில் 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தால் நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும். அதுவரை நோயாளியை நடக்கவிடாது சாய்ந்திருக்கச் செய்தல் வேண்டும். அவர் தாமே வாகனம் செலுத்துதல் ஆகாது. அசுப்பிரின் ஒவ்வாதவரல்லராயின், வைத்திய ஆலோசனைப்படி 300 மில்லிகிராம் மாத்திரையை மென்று விழுங்குதல் நலம். உணர்விழந்து மூச்சு நின்றுவிடின், நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை, 5 சென்ரிமீற்றருக்குக் குறையாத ஆழத்தில் அமுக்கிக்கொண்டிருத்தல் வேண்டும்.

இனி வருமுன் காத்தலை நோக்குவோம். அமெரிக்காவின் பிறேமிங்ஹாம் நகரில் 1948ஆம் ஆண்டு 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய ஆராய்ச்சி, உயர் குருதியமுக்கம், கொலஸ்திரோல் மிகுதி, புகைத்தல், நீரிழிவு என்பன இந்நோய்க்கு ஏதுக்களாதலைப் புலப்படுத்திற்று. 1953இல் மொறிஸ் என்பார் இலண்டன் பஸ் வண்டிகளில் வேலை செய்வோரை ஆராய்ந்தார். நாள்முழுதும் இருந்து வண்டியோட்டும் சாரதிகளிலும், இருதட்டு வண்டியின் படிகளில் ஏறியிறங்கும் நடத்துநர்களிடத்தே மாரடைப்புக் குறைவாயிருத்தலை அவர் கண்டார்.

எனவே, வாரத்துக்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல், நாளொன்றுக்கு உப்பை 5 கிராமுக்குள் அடக்குதல், பொரித்த பண்டங்களையும் இனிப்பையும் குறைத்துக் காய்கறிகளை மிகுத்தல், புகையிலையை முற்றாக விடுதல் என்பன கடைப்பிடித்தற்குரியன. புகைத்தலை விட்டவருக்கு ஓராண்டிலேயே இந்நோயின் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். குருதியமுக்கமும் நீரிழிவும் நோவின்றி வளர்வன. ஆதலின், நாற்பதைக் கடந்தோர் நோயில்லையென இறுமாந்திராது அவற்றை அளந்தறிதல் வேண்டும். வைத்தியர் கொடுத்த மாத்திரைகளை, உடம்பு சுகமாயிருக்கின்றதெனத் தாமே நிறுத்துதலும் தகாது.

பாடசாலையில் இருதயத்தின் படத்தை வரைந்து பெயர் குறிக்கும் மாணவன், தன் இல்லத்துப் பெரியோரின் நெஞ்சுநோவை அலட்சியஞ் செய்யாது அயலாரை எழுப்புவானாயின், அவன் கற்ற கல்வி ஓருயிரைக் காத்ததாகும்.