கடலுக்குள் கேமரா: வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகள்

கடந்த ஆண்டு செமஸ்டர் விடுமுறையில் நண்பர்கள் நால்வர் கோல பெசுட் படகுத்துறையிலிருந்து பெர்ஹெந்தியான் தீவுக்குப் புறப்பட்டோம். என் கழுத்தில், 15 ரிங்கிட் பிளாஸ்டிக் உறைக்குள், புதிய கைப்பேசி தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா தவணையில் வாங்கிக் கொடுத்தது. இன்னும் ஆறு தவணை பாக்கி.

முதல் நாளே கடலாமை ஒன்றைப் படமெடுக்கக் கையை நீட்டினேன். உறையின் ஓரத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் மேலே போயின. கரையேறியபோது திரை இருண்டுவிட்டது. அம்மா திட்டவில்லை. “நீ பத்திரமா வந்தியா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. மீதித் தவணைகளைப் பகுதிநேர வேலை செய்து நானே கட்டினேன்.

கைப்பேசிப் பெட்டியில் ‘ஐபி68’ என்று இருந்ததை நம்பித்தான் உறையைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஆனால், அந்தச் சோதனை அசையாத நன்னீரில் நடத்தப்படுவது. உப்பு நீரும் அலையும் அதில் இல்லை. நீர் புகுந்த பழுதைப் பல நிறுவனங்களின் உத்தரவாதமும் ஏற்பதில்லை.

இந்த ஆண்டு மீண்டும் போவதென்று முடிவானதும், கடைக்குப் போவதற்கு முன் எங்களை நாங்களே மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டோம்.

எவ்வளவு ஆழம்?

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அண்மைய கோப்ரோ ஹீரோ கேமராக்களில் பல உறையின்றி 10 மீட்டர் வரை தாங்கும்; ஒலிம்பஸ் டிஜி-6 கேமரா 15 மீட்டர் வரை தாங்கும். நீர்மட்டத்தில் மிதந்து பார்க்கும் ஸ்நோர்கலிங்கிற்கு இவை போதும். முக்குளிப்பின் தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவர்கள் 18 மீட்டர் வரை இறங்கலாம். அங்கே கட்டாயம் தனி உறை வேண்டும்.

எதைப் படமெடுக்கப் போகிறோம்?

ஆக்‌ஷன் கேமரா அகலமாகப் பார்க்கும். நீந்தும் ஆமையைக் காணொளி எடுக்க ஏற்றது. தூரத்து மீன் புள்ளியாகிவிடும். சிறு இறால், கோமாளி மீன் போன்றவற்றை மிக அருகில் எடுக்க டிஜி-6 போன்ற கேமராக்கள் பொருந்தும்.

எப்படிச் சுமப்பது?

பெரிய கேமராவுக்கான உறையின் விலை சில நேரங்களில் கேமராவின் விலையையே மிஞ்சும். மலிவு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் என்றால், துணிமணிக்கு இடம் எங்கே? உபரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

நாங்கள் பங்கு போட்டு, உறையோடு கூடிய பழைய ஆக்‌ஷன் கேமரா ஒன்றை வாங்கினோம். ஆளுக்கு 120 ரிங்கிட். முதலில் கேமரா இல்லாமல், உறைக்குள் டிஷ்யூ தாளை வைத்து, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வைத்தோம். தாள் நனையவில்லை. மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கினாலும் நீர் புகுந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் துடைத்துப் பார்த்தே மூடினோம். கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் ஊறவைத்தோம்.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. சில மீட்டர் ஆழத்திலேயே எல்லாம் நீலமாகத் தெரிவது அதனால்தான். இதற்குச் செலவில்லாத மருந்து, நெருங்கிப் போவது. இடையில் தண்ணீர் குறைந்தால் நிறம் கூடும். ஆனால், பவளப்பாறையில் கையோ காலோ படாமல் மிதக்கத் தெரியாதவரை கேமராவைக் கையில் எடுக்காதீர்கள். நாம் தேடிப் போகும் அழகை நாமே உடைக்கக் கூடாது.

இந்த முறை எடுத்த ஆமைப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“அப்போ கைப்பேசி எங்கே இருந்துச்சு?”

“அறையில பத்திரமா இருந்துச்சும்மா.”

சிரித்துவிட்டார்.