இழுப்பு நோய்: மூச்சுக் குழாயுள் மூளும் வீண் போர்

பகலெல்லாம் ஓடி விளையாடிய பிள்ளை பின்னிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருகிறான். குளிர்ந்த நீரில் குளித்ததே காரணம் என்று வீட்டார் முடிவு செய்கின்றனர். பல வேளைகளில் உண்மைக் காரணம் அவன் படுத்திருக்கும் மெத்தையிலேயே இருக்கிறது.

மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குப் புலப்படாத தூசி உண்ணிகள் வாழ்கின்றன. நம் தோலிலிருந்து உதிரும் பொடுகே அவற்றின் உணவு. ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் அவை செழித்துப் பெருகுகின்றன. அவற்றின் கழிவு தூசியுடன் கலந்து மூச்சுக்குள் செல்கிறது. பெரும்பாலோருக்கு இதனால் தீங்கில்லை. ஒவ்வாமை உடையோரின் உடலோ அதனைக் கொடிய பகையெனக் கருதிப் படை திரட்டுகிறது.

அப்படையினர் வெள்ளணுக்கள். அவற்றுள் பல, நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தோன்றும். ஒரே மாதிரியான லயத்து வீடுகளைக் கதவெண் கொண்டு அறிவதுபோல், இவ்வணுக்களை அவற்றின் மேற்பரப்பிலுள்ள புரத அடையாளங்களால் அறிகின்றனர். அவ்வடையாளங்களுக்கு எண்ணிட்டு வழங்கும் முறை 1982-இல் பாரிசில் கூடிய அறிஞர்களால் வகுக்கப்பட்டது. 'சி.டி. 4' என்னும் அடையாளமுடையவை உதவி அணுக்கள். பெயர்தான் உதவி, ஏவலிடுபவை அவையே! அவற்றுள் ஒரு பிரிவு, இயோசினோபில் எனும் வேறுவகை வெள்ளணுக்களை நுரையீரலுக்கு வரவழைக்கிறது. இயோசின் என்ற சாயத்தில் செந்நிறம் ஏற்பதால் இவை அப்பெயர் பெற்றன. 1879-இல் இவற்றை விவரித்தவர் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக். புழுக்களை எதிர்க்கவல்ல நச்சுப் பொருள்கள் இவற்றுள் உண்டு. புழு இல்லாத மூச்சுக் குழாயிலோ, அந்நஞ்சு குழாயின் உட்சுவரையே புண்ணாக்குகிறது. சுவர் வீங்கிச் சளி சுரந்து வழி குறுகுகிறது.

இதனை அறிவதால் நமக்கு யாது பயன்? நீல நிற உறிஞ்சு மருந்து இறுகிய குழாயை விரிக்கும். உடனே சுகம் தெரியும். ஆனால் உள்ளே நடைபெறும் போரை அது நிறுத்தாது. நிறுத்துவது, மருத்துவர் நாள்தோறும் உறிஞ்சச் சொல்லும் தடுப்பு மருந்தே. அதன் பலன் மெல்லத்தான் தெரியும். ஆதலால் பலர் ஒரே வாரத்தில் அதனைக் கைவிட்டு விடுகின்றனர். இஃது ஆபத்தானது. பெரியவர்களும் பதின்ம வயதினரும் நீல மருந்தை மட்டுமே நம்பியிருத்தல் கூடாதென 2019-இல் அனைத்துலக ஆஸ்துமா வழிகாட்டி திருத்தப்பட்டது.

படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் சுடுநீரில் துவைப்பது நல்லதே. அதனால் மட்டும் நோய் அடங்கிவிடாது. நீல மருந்துக்கும் தணியாமல், பேச இயலாத அளவுக்கு மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்க. தடுப்பு மருந்தை உறிஞ்சியபின் வாயை நீரால் கொப்பளித்து உமிழ்ந்துவிட வேண்டும். இல்லையேல் நாவில் வெண்படலம் படியக்கூடும்.