பழைய லாரிக்குப் புது ஆல்டர்னேட்டர்: பிரேக்கையும் சேர்த்துப் பாருங்கள்

புனேயிலிருந்து மும்பைக்கு இறங்கும் வண்டிகளுக்குக் கண்டாலா மலைப்பாதை. சாத்தாரா, கோலாப்பூர் வழியாகத் தெற்கே செல்லும் வண்டிகளுக்குக் கம்பாட்கி மலைப்பாதை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரிக்காரர்களுக்கு இவை நன்கு பழகிய இடங்கள். டயரையும் எஞ்சினையும் பார்த்துவிட்டுப் புறப்படுகிறவர்கள்கூட ஆல்டர்னேட்டரை மறந்துவிடுவதுண்டு. அது பழுதானால், "கிடைப்பதைப் போட்டு ஓட்டு" என்பார்கள். கிடைப்பதைப் போட்டால் சில வண்டிகளில் பிரேக்கே கெட்டுவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வெளியே தெரியாத பழுது

பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும். மின்சாரம் தீர்ந்தால் அது நின்றுவிடும். டீசல் எஞ்சினில் அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எண்ணெய் எரிகிறது. பழைய வண்டிகளில் எண்ணெய் பம்பும் எஞ்சின் சுழற்சியிலேயே இயங்குகிறது. ஆகவே ஆல்டர்னேட்டர் செத்துப்போனாலும் லாரி ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, இரவில் விளக்கு மங்கும்போதுதான் விஷயம் வெளிப்படும்.

அதற்காக உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. பெல்ட் தளர்ந்திருக்கலாம், பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கலாம், எர்த் கம்பி தளர்ந்திருக்கலாம். மீட்டரை பேட்டரியில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் வண்டியில் சுமார் 13.8 முதல் 14.4 வரையிலும், 24 வோல்ட் வண்டியில் 27.6 முதல் 28.8 வரையிலும் காட்ட வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி கம்பியைக் கழற்றி, "ஓடுகிறதா பார்" என்று சோதிப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் மின்னழுத்தம் திடீரென எகிறி, உள்ளே இருக்கும் டையோடுகள் கருகிவிடும். நல்ல ஆல்டர்னேட்டரும் அதனால் பாழாகும்.

எத்தனை ஆம்பியர் தேவை?

கணக்கு எளிதுதான். 12 வோல்ட் சிறு லாரியில் முன்விளக்கு இரண்டும் சேர்ந்து 120 வாட், கூடுதலாகப் பொருத்திய பனிவிளக்கு இரண்டும் 110, பின்விளக்கு முதலியவை 40, வைப்பருக்கு 60, பாட்டுப் பெட்டிக்கும் செல்போனுக்கும் 50 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 380 வாட். இதை 14 வோல்ட்டால் வகுத்தால் 27 ஆம்பியர். பேட்டரிக்கு ஊட்ட மேலும் 10 ஆம்பியர் சேர்த்தால் 37 ஆகிறது.

அப்படியானால் 40 ஆம்பியர் போதுமே என்று தோன்றும். ஆனால் முத்திரைத் தகட்டில் உள்ள அளவு, ஆல்டர்னேட்டர் வேகமாகச் சுற்றும்போது தருவது. நெரிசலில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதில் பாதிதான் கிடைக்கக்கூடும். எனவே கால்பங்காவது கூடுதலாக இருப்பது நல்லது. பெரிய ஆல்டர்னேட்டர் பேட்டரியைக் கொதிக்க வைக்கும் என்ற பயம் வேண்டாம். தேவையான மின்சாரத்தை மட்டுமே அது தரும். பேட்டரியைக் கொதிக்க வைப்பது கெட்டுப்போன ரெகுலேட்டர். ஆனால் பெரியதைப் போட்டுவிட்டுப் பழைய மெல்லிய சார்ஜிங் கம்பியையே விட்டால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. கம்பியையும் ஃபியூசையும் அதற்கேற்ப மாற்றியாக வேண்டும்.

பின்னால் இருக்கும் பம்ப்

இனி முக்கியமான விஷயம். டெல்கோ நிறுவனம், அதாவது பின்னாளைய டாட்டா மோட்டார்ஸ், 1986-ல் கொண்டுவந்த 407 புனே ஆலையில் உருவான வண்டி. அதைப் போன்ற பழைய சிறு டீசல் வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்புறம், அதே அச்சில், ஒரு வாக்குவம் பம்ப் இருக்கும். பெட்ரோல் எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியிலேயே வெற்றிடம் கிடைக்கிறது. டீசலில் அது கிடையாது. ஆகவே பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தை இந்தப் பம்ப்தான் உண்டாக்குகிறது.

பம்ப் இல்லாத மலிவான ஆல்டர்னேட்டரை அங்கே பொருத்தினால் விளக்கு எரியும், பேட்டரியும் ஏறும். எல்லாம் சரியானதுபோல் தோன்றும். ஆனால் பிரேக் மிதி கல்லாய் இறுகிவிடும். சரக்கோடு மலையிறக்கத்தில் வரும்போது அந்த மிதியை எவ்வளவு அழுத்தினாலும் போதாது.

பம்புக்கு எஞ்சின் ஆயில் கொண்டுவரும் சிறு குழாயும், ஆயில் திரும்பும் குழாயும் அடைப்பின்றி இருக்க வேண்டும். பம்பின் சீல் கசிந்தால் ஆயில் உள்ளே இறங்கிப் புது ஆல்டர்னேட்டரையும் கெடுத்துவிடும். பெல்ட் அறுந்தால் சார்ஜோடு பிரேக் உதவியும் போய்விடும் என்பதால், பெல்ட்டில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

வாங்கும்போது

இந்திய வண்டிகளின் ஆல்டர்னேட்டர்களில் அடிக்கடி காணும் பெயர் லூகாஸ் டிவிஎஸ். 1961-ல் தொடங்கிய இந்நிறுவனத்தின் ஆலை சென்னை பாடியில் உள்ளது. எந்தத் தயாரிப்பானாலும் சரி, புனே நானா பேட்டைக் கடைக்கோ நிக்டி டிரான்ஸ்போர்ட் நகருக்கோ செல்லும்போது பழையதைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வோல்ட், ஆம்பியர், புல்லியின் குறுக்களவு, பெல்ட் பள்ளத்தின் அகலம், போல்ட் துளைகள், பம்ப் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். புல்லி பெரிதானால் மெதுவான ஓட்டத்தில் சார்ஜ் குறையும். சிறிதானால் அளவுக்கு மீறிச் சுற்றும்.

பொருத்தி முடித்ததும் கடையை விட்டுக் கிளம்புமுன் ஒரு சோதனை. எஞ்சினை நிறுத்திவிட்டு, பிரேக் மிதி இறுகும்வரை நாலைந்து முறை அழுத்துங்கள். காலை எடுக்காமலே எஞ்சினை இயக்குங்கள். மிதி சற்றுக் கீழே இறங்கினால் பம்ப் வேலை செய்கிறது என்று பொருள். இறங்காவிட்டால், விளக்கு எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் அந்த வண்டியில் சரக்கு ஏற்றக் கூடாது.