வாளிப் படை (காற்றுக் கண்காணிப்பு)

வாளிப் படை என்பது தொழிற்சாலைகளின் அருகே வாழும் மக்கள், தாங்கள் சுவாசிக்கும் காற்றின் மாதிரியைத் தாங்களே சேகரித்து ஆய்வகத்திற்கு அனுப்பும் தன்னார்வக் குழுக்களைக் குறிக்கும் பெயர் ஆகும். மாதிரி எடுக்கும் கருவி ஒரு நெகிழி வாளிக்குள் அமைந்திருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. முற்காலத்தில் தீப்பிடித்த இடத்திற்கு மக்கள் வரிசையாக நின்று நீர் வாளிகளைக் கைமாற்றிய வழக்கத்தையும் இப்பெயர் நினைவூட்டுகிறது. இம்முறை 1995ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தோன்றியது. பின்னர் தென்னாப்பிரிக்கா, பிலிப்பீன்சு, இந்தியா முதலிய நாடுகளுக்குப் பரவியது. தமிழ்நாட்டில் கடலூர் சிப்காட் பகுதி மக்கள் 2004இல் இதனைப் பயன்படுத்தினர்.

பின்னணி

அரசு நிறுவனங்களின் காற்றுக் கண்காணிப்பு நிலையங்கள் ஒரு நகரத்தின் அல்லது வட்டாரத்தின் பொதுவான நிலையை அறிவதற்காக அமைக்கப்படுபவை. அவை பெரும்பாலும் தூசுத் துகள்கள், கந்தக ஈராக்சைடு, நைதரசன் ஆக்சைடுகள் போன்ற சில மாசுகளை மட்டுமே அளக்கின்றன. வேதித் தொழிற்சாலைகளிலிருந்து கசியும் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் கந்தகச் சேர்மங்களும் பல இடங்களில் அளக்கப்படுவதில்லை.

அளவீடுகள் சராசரிகளாக வெளியிடப்படுவது மற்றொரு காரணம் ஆகும். எடுத்துக்காட்டாக, ஒரு வளிமம் நள்ளிரவில் அரை மணி நேரம் மட்டும் ஒரு கன மீட்டருக்கு 480 மைக்ரோகிராம் என்ற அளவில் ஓர் ஊரைச் சூழ்ந்து, மற்ற நேரங்களில் இல்லாதிருந்தால், அதன் 24 மணி நேரச் சராசரி 10 மைக்ரோகிராம் மட்டுமே. அந்த அரை மணி நேரத்தில் மூச்சுத்திணறி எழுந்த குழந்தையின் துன்பம் அச்சராசரியில் தெரிவதில்லை. புகாரைப் பெற்று அலுவலர் வந்து சேர்வதற்குள் காற்று திசை மாறி நாற்றம் கலைந்துவிடுவதும் உண்டு. அந்நிலையில் மக்களின் சொல் ஒன்றே சான்றாக எஞ்சுகிறது. அச்சொல்லுக்குத் துணையாக ஓர் அளவீட்டை உருவாக்குவதே வாளியின் நோக்கம் ஆகும்.

தோற்றம்

கலிபோர்னியாவின் ரோடியோ என்னும் ஊரில் இருந்த யூனோக்கல் எண்ணெய்த் தூய்விப்பு ஆலையில் 1994 ஆகத்து 22 முதல் 16 நாட்களுக்குக் கேட்டகார்ப் என்னும் வேதிக் கரைசல் கசிந்தது. பாதிக்கப்பட்ட மக்களுக்காக வழக்காடியவர்களுள் எட் மாசுரி என்ற வழக்கறிஞரும் ஒருவர். அவரும் அவருடன் பணியாற்றிய எரின் புரோக்கோவிச்சும் அப்பகுதிக்குச் சென்றபோது ஆலைப் புகையால் உடல்நலம் குன்றினர். அதிகாரிகளிடம் முறையிட்டபோது, கண்காணிப்புக் கருவிகள் குறை எதையும் காட்டவில்லை என்ற விடை கிடைத்தது. இதனையடுத்து மாசுரி, பொதுமக்கள் கையாளக்கூடிய மலிவான கருவி ஒன்றைப் பொறியாளர்களைக் கொண்டு உருவாக்கச் செய்தார். 'மேம்பட்ட சுற்றுச்சூழலுக்கான சமூகங்கள்' என்ற அமைப்பில் இருந்த டென்னி லார்சன் இக்கருவியை எளிமைப்படுத்திப் பல ஊர்களுக்குக் கொண்டு சென்றார்.

கருவியின் அமைப்பும் செயல்பாடும்

அறிவியலாளர்கள் காற்று மாதிரி எடுக்க, உட்புறம் வெற்றிடமாக்கப்பட்ட துருவேறா எஃகுக் கலன்களைப் பயன்படுத்துகின்றனர். அவை விலை மிகுந்தவை. வாளிக் கருவி அதே பணியைக் கடைகளில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு செய்கிறது. அதன் பகுதிகள் பின்வருமாறு:

1. ஏறத்தாழ 19 லிட்டர் கொள்ளளவுள்ள, காற்றுப் புகாத மூடியுடைய நெகிழி வாளி.
2. வாளிக்குள் பொருத்தப்படும் டெட்லர் பை. பல வேதிப்பொருட்களுடன் வினைபுரியாத நெகிழியால் ஆனது.
3. பையையும் வெளிக்காற்றையும் இணைக்கும் குழாயும் அடைப்பிதழும்.
4. வாளியின் உட்புறக் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் சிறு எக்கி.

எக்கி பையிலிருந்து காற்றை இழுப்பதில்லை. பைக்கும் வாளிச் சுவருக்கும் இடையே உள்ள காற்றை மட்டுமே அது வெளியேற்றுகிறது. இதனால் வாளிக்குள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று குழாய் வழியே நேராகப் பைக்குள் புகுந்து அதனை உப்பச் செய்கிறது. மாதிரிக் காற்று எக்கியின் உட்புறத்தைத் தொடாததால் எக்கியின் எண்ணெயோ தூசோ அதில் கலப்பதில்லை. பை நிறையச் சில நிமிடங்களே ஆகும். அடைப்பிதழை மூடியபின் பை வெளியே எடுக்கப்பட்டு, பொதுவாக மூன்று நாட்களுக்குள் ஆய்வகத்தைச் சென்றடைய வேண்டும். கந்தகச் சேர்மங்கள் விரைவில் சிதைவதால் அவற்றுக்கு இன்னும் குறுகிய காலமே உண்டு. ஆய்வகத்தில் வளிம நிறப்பகுப்பியும் பொருண்மை நிறமாலைமானியும் இணைந்த கருவியால் மாதிரியில் உள்ள சேர்மங்கள் இனங்காணப்பட்டு அளக்கப்படுகின்றன.

வாளியின் விலை குறைவு எனினும் ஒவ்வொரு ஆய்வுக்கும் சில நூறு டாலர்கள் செலவாகும். ஆகையால் எப்போது மாதிரி எடுப்பது என்று முடிவு செய்வதே குழுவின் முதன்மையான பணியாகிறது. உறுப்பினர்கள் நாள், நேரம், காற்றின் திசை, நாற்றத்தின் தன்மை, உடலில் தோன்றும் அறிகுறிகள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிவு செய்கின்றனர். அழுகிய முட்டை நாற்றம் ஐதரசன் சல்பைடையும், அழுகிய முட்டைக்கோசு நாற்றம் மெத்தில் மெர்காப்டனையும், நகப்பூச்சு நீக்கியின் மணம் அசிட்டோனையும் சுட்டக்கூடும். எனினும் மூக்கை முழுமையாக நம்ப இயலாது. ஐதரசன் சல்பைடின் செறிவு மிகும்போது முகரும் திறனே மழுங்கிவிடுகிறது.

நோர்க்கோ

லூசியானா மாநிலத்தின் நோர்க்கோ நகரில், செல் நிறுவனத்தின் வேதி ஆலைக்கும் எண்ணெய்த் தூய்விப்பு ஆலைக்கும் இடையே டயமண்ட் என்ற குடியிருப்பு நான்கு தெருக்களில் அமைந்திருந்தது. அங்கு வாழ்ந்தோர் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள். 1973இல் ஏற்பட்ட வெடிப்பில் அங்கு இருவர் இறந்தனர். 1988இல் தூய்விப்பு ஆலை வெடித்தபோது ஏழு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அக்குடியிருப்பில் வளர்ந்த ஆசிரியையான மார்கி ரிச்சர்டு, தங்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்று மக்களைத் திரட்டிப் போராடினார். வாளிகளால் எடுக்கப்பட்ட மாதிரிகள் இப்போராட்டத்திற்குச் சான்றுகளாகப் பயன்பட்டன. 2001இல் நெதர்லாந்தில் நிறுவனத்தின் உயர் அலுவலர்களைச் சந்தித்த ரிச்சர்டு, நோர்க்கோவின் காற்று அடைக்கப்பட்ட பையை நீட்டி முகர்ந்து பார்க்குமாறு கேட்டார். 2002இல் நான்கு தெருக்களின் மக்களும் இடம்பெயர்வதற்கான செலவை ஏற்க நிறுவனம் உடன்பட்டது. 2004இல் ரிச்சர்டுக்குக் கோல்டுமன் சுற்றுச்சூழல் பரிசு வழங்கப்பட்டது.

கடலூர்

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை 1980களில் உப்பனாற்றுக்கும் கடலூர்–சிதம்பரம் சாலைக்கும் இடையே அமைக்கப்பட்டது. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம் சார்ந்த வேதி ஆலைகள் அங்கு இயங்கின. ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம், சொன்னஞ்சாவடி முதலிய ஊர்கள் இத்தொழிற்பேட்டையை ஒட்டி அமைந்துள்ளன. 2004இல் இவ்வூர்களைச் சேர்ந்தோர் 'சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்' என்ற பெயரில் பயிற்சி பெற்று, நாற்றக் குறிப்பேடுகளைப் பேணியும் வாளிகளால் மாதிரி எடுத்தும் வந்தனர். அவ்வாண்டு வெளியான அவர்களின் அறிக்கை, மாதிரிகளில் 22 நச்சு வேதிப்பொருட்கள் காணப்பட்டதாகவும் அவற்றுள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவையும் அடங்கும் என்றும் கூறியது.

இம்முடிவுகளை ஒப்பிட அப்போது இந்தியாவில் உரிய வரையறைகள் இல்லை. எனவே அமெரிக்காவில் பயன்படுத்தப்பட்ட அளவுகளுடனேயே அவை ஒப்பிடப்பட்டன. 2009 நவம்பரில் திருத்தப்பட்ட இந்தியத் தேசியக் காற்றுத் தர வரையறைகளில் பென்சீன் முதன்முறையாக இடம்பெற்றது. அதன் ஆண்டுச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். அதே ஆண்டில் நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மதிப்பீடு, கடலூரை நாட்டின் மிகக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

குறைபாடுகள்

வாளி மாதிரி சில நிமிடக் காற்றை மட்டுமே காட்டுகிறது. உடல்நலம் சார்ந்த வரம்புகள் பலவும் ஓர் ஆண்டு அல்லது வாழ்நாள் முழுவதற்குமான சராசரிகளாக உள்ளன. எனவே ஒரு மாதிரியின் அளவு வரம்பை மீறியிருந்தாலும், அதனைக் கொண்டு விதிமீறலை மெய்ப்பிப்பது கடினம் என்ற மறுப்பை ஆலைகளும் அலுவலர்களும் எழுப்புவதுண்டு. டெட்லர் பையிலிருந்தே பீனால் போன்ற சில பொருட்கள் மாதிரியில் கலக்கக்கூடும் என்பது மற்றொரு குறை. இதனைக் கண்டறியத் தூய வளிமம் நிரப்பிய ஒப்பீட்டுப் பைகளும் ஆய்வுக்கு அனுப்பப்படுகின்றன. மேலும் நாற்றம் மிகுந்த வேளையில் மட்டும் எடுக்கப்படும் மாதிரி, மற்ற நாட்களின் நிலையைக் கூறாது.

ஆகையால் வாளி மாதிரி, நிலையான கண்காணிப்புக்கு மாற்று ஆகாது. எந்த இடத்தில், எந்த வேளையில், எப்பொருளைத் தொடர்ந்து அளக்க வேண்டும் என்பதைக் காட்டும் சான்றாகவே அதனைக் கொள்ள வேண்டும்.

மின்னணு உணரிகள்

2010களில் மலிவான மின்னணு உணரிகள் பரவலாயின. செருமனியின் சுடுட்கார்ட் நகரில் 2015இல் தன்னார்வலர்கள் தொடங்கிய திட்டத்தில், மக்கள் தங்கள் வீட்டுச் சுவர்களில் தாமே பொருத்திய உணரிகள் நுண்துகள்களை அளந்தன. துகள்களின் மீது சீரொளியைப் பாய்ச்சி, அவை சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு இவை துகள் செறிவைக் கணிக்கின்றன. காற்றில் ஈரப்பதம் மிகும்போது துகள்கள் நீரை ஏற்றுப் பருப்பதால் அளவீடு உண்மையைவிட மிகையாகக் காட்டக்கூடும். 2020இல் ஐக்கிய அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பொதுமக்களின் உணரித் தரவுகளைத் திருத்தக் கணக்கீட்டுடன் தனது காட்டுத்தீப் புகை வரைபடத்தில் சேர்த்துக்கொண்டது.

இவ்வுணரிகள் இரவும் பகலும் இடைவிடாது அளப்பவை. ஆயினும் துகள் உணரிகளால் பென்சீன் போன்ற வளிமங்களை இனங்காண இயலாது. எனவே வேதி ஆலைகளை ஒட்டிய ஊர்களில் வாளி மாதிரியின் தேவை நீங்கிவிடவில்லை.